ஆளா, இயந்திரமா? – 9: நிலவைச் சுற்றிய இன்னொரு கலம்

சென்ற வாரம் அப்பலோ 11இன் 'கழுகு' நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தினோம். இனி நேரங்களை எங்கள் நாரந்தனைக் கடிகாரப்படியே சொல்கிறேன். 1969 ஜூலை 21, திங்கட்கிழமை. பின்னிரவு ஒன்றே முக்கால் ஆகப்போகிறது. நாரந்தனை வானில் நிலவு எப்போதோ மறைந்துவிட்டது.

கலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது கணினி. அது கொண்டுபோன இடமோ, பெரும் பாறைகள் சிதறிக் கிடந்த பள்ளம். கணினிக்கு உயரம் தெரியும், வேகம் தெரியும், பாறை தெரியாது. யன்னலால் பார்த்த நீல் ஆம்ஸ்ட்ரோங் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்தார். பாறைகளைத் தாண்டிக் கலத்தைச் செலுத்தினார். 1.47க்குக் கலம் தரை தொட்டபோது, இறங்குவதற்கான எரிபொருள் இன்னும் ஒரு நிமிடத்துக்குக்கூடக் காணாது.

மனிதன்தான் வேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

பொறுங்கள். அதே நேரத்தில் நிலவை இன்னொரு கலமும் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஆள் இல்லை. சோவியத் நாட்டின் லூனா 15, அப்பலோவுக்கு மூன்று நாள் முந்தியே புறப்பட்டது. நிலவில் இறங்கி, மண்ணைத் துளைத்தெடுத்து, தானாகவே பூமிக்குத் திரும்புவது திட்டம். மொஸ்கோ அதை வெளியே சொல்லவில்லை. அமெரிக்க விண்வெளி வீரர் பிராங்க் போர்மன் சோவியத் விஞ்ஞானி கெல்டிஷைத் தொடர்புகொண்டு கேட்டார். சுற்றுப்பாதை விவரமும், அப்பலோவுக்கு இடைஞ்சல் வராது என்ற உறுதியும் மட்டும் வந்தன.

கீழே நிலம் எப்படி என்று மொஸ்கோவுக்குத் தெளிவில்லை. இறக்கத்தை 18 மணி நேரம் தள்ளிவைத்தார்கள். ஆம்ஸ்ட்ரோங் கண்ணால் பார்த்துச் சில விநாடிகளில் எடுத்த முடிவுக்கு இங்கே முக்கால் நாள் போயிற்று. 52 சுற்றுகள் ஆயின. அன்றிரவு 9.20, ஏறக்குறையப் பாதி நிலவு எங்கள் மேற்கு வானில் நின்றது. லூனா இறங்கத் தொடங்கிச் சில நிமிடங்களில் சமிக்ஞை அறுந்தது. மாரே கிரிசியம் பகுதியில் மோதி நொறுங்கிப்போனது. ஆம்ஸ்ட்ரோங்கும் அவரோடு இறங்கிய ஓல்ட்ரினும் அப்போது நிலவின் தரையில்தான் இருந்தார்கள்.

இதை வைத்து இயந்திரத்தை ஒதுக்க எனக்கு மனமில்லை. லூனாவோடு ஓர் உயிரும் போகவில்லை. அதற்கு இல்லாத கண்ணையும் பிற்காலத்தில் பொருத்த முடிந்தது: விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, 2023 ஆகஸ்ட் 23இல் தன் கமராவால் தரையைப் பார்த்துத் தானே இறங்கியது.

1969இல் மட்டும் வெற்றி ஆளின் பக்கம். 21.5 கிலோ கல்லும் மண்ணும் வந்து சேர்ந்தன. அதில் ஒரு பங்கு கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே காத்திருந்தவர்களில் ஒருவர் காலியில் பிறந்த நம் நாட்டவர், சிறில் பொன்னம்பெரும. தூசியை அலசிய அவரது குழுவுக்குப் போர்பிரினின் சுவடு தென்பட்டது. நம் இரத்தத்தின் சிவப்புக்கும் இலையின் பச்சைக்கும் அடிப்படையான மூலக்கூற்று இனம் அது.

அது நிலவுடையதா? அல்லது ஆட்களை இறக்கிய ரொக்கெட்டே அங்கே ஊதிவிட்டதா?

(தொடரும்)