கிள்ளான் ஆறும் நகரக் கால்வாய்களும்

ஊர்க்கழிவு ஓடும் வழியைப் பாடப் புலவர் எவரும் தயங்குவர் என்று எண்ணுவோம். சாத்தனார் தயங்கவில்லை. மணிமேகலையின் இருபத்தெட்டாம் காதையில், வஞ்சி நகரத்து மகளிர் கூந்தல் கழுவிய நறுநீர், சுருங்கை எனும் மறைவழியே ஓடி அகழியிற் கலந்ததாகவும், அதனால் அகழி மீன்களும் புலால் நாற்றம் நீங்கப்பெற்றதாகவும் அவர் கூறுகிறார். இது புலவர் புனைவே ஆயினும், இதனுள் ஓர் உண்மை உண்டு. வீட்டு முற்றத்தில் ஊற்றியது எதுவோ, அதுவே ஊர்நீரின் தன்மையாகிறது. கோலாலம்பூரின் கால்வாய் வரலாறு இவ்வுண்மையை மறுதலையாக நின்று விளக்குகின்றது.

1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய சீனச் சுரங்கத் தொழிலாளர் 87 பேர் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து, அது கோம்பாக் ஆற்றோடு கூடும் இடத்திற் கரையேறினர். அங்கிருந்து அம்பாங்கிற்கு ஈயம் தேடிச் சென்றனர். சேறு நிறைந்த கூடல் என்பதே கோலாலம்பூர் என்னும் பெயரின் பொருள் என்பர். சுரங்கங்களிலிருந்து கழுவி விடப்பட்ட மணல் ஆற்றின் அடித்தளத்தை மேன்மேலும் உயர்த்திற்று. ஆகவே, நகரத்தார் ஆற்றிற்குச் செய்த முதற்கேடு ஈயத் தொழிலோடு பிறந்தது எனலாம்.

1880-இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டிலேயே தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து ஊரை அழித்தன. 1882-இல் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் கூரைகளை விடுத்துச் செங்கல்லாலும் ஓட்டாலும் வீடு கட்டுமாறு பணித்தார். அதற்கெனச் செங்கல் அறுத்த நிலமே பிரிக்பீல்ட்ஸ். 1890-இல் துப்புரவுக் கழகம் ஒன்று ஏற்பட்டு, தெரு, குப்பை, கால்வாய் ஆகியவற்றைக் கவனிக்கலாயிற்று. பின்னாளில் அப்பணியில் மிகுதியாக உழைத்தவர் தமிழர்.

எனினும், கால்வாய்க்கு இந்நாட்டிற் பெருமதிப்பைத் தேடித்தந்த ஊர் கிள்ளானே. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான திறவுகோலை 1897-இல் ரொனால்டு ராஸ் இந்தியாவிற் கண்டறிந்தார். நான்காண்டு கழித்துக் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்துக் காடழித்துக் கால்வாய் வெட்டுமாறு வற்புறுத்தினார். அதே 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் காய்ச்சலால் மூடப்படும் நிலையை எய்தியது. அங்கும் இம்முறையே கையாளப்பட்டது. கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவால் மருத்துவமனை சேர்ந்தோர் 1901-இல் 334 பேர். 1905-இல் 12 பேரே. தேங்கும் நீர் கொல்லும், ஓடும் நீர் காக்கும் என்பது அக்காலத்தார் கற்ற பாடம். ஆயினும், மலைப்பாங்கான தோட்டங்களில், வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகுவதைக் கண்ட வாட்சன், அங்கு நிலத்தடிக் குழாய்களை நாடினார். ஓரிடத்து மருந்து மற்றோரிடத்து நஞ்சாகலாம் என்பதை அவர் மறக்கவில்லை.

பின்வந்தோர் இதனை மறந்தனரோ என்று ஐயுற வேண்டியுள்ளது. 1926-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் கோலாலம்பூரில் ஆற்றின் போக்குத் திருத்தப்பட்டது. 1932-இல் வடிகால் பாசன இலாகா தோன்றிற்று. 1971-இல் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கவழி ஒன்று வெள்ளத்திற்கென்றும் வாகனங்களுக்கென்றும் திறக்கப்பட்டது. இவை யாவும் தேவையானவையே. ஆனால், நீரை விரைவில் வெளியேற்றுவதே பல்லாண்டுகளாகத் தலையாய நோக்கமாயிருந்தது. சிமெண்டுக் கால்வாயில் மண்ணும் புல்லும் இல்லை; ஆகவே அழுக்கை வடிகட்டுவாரும் இல்லை. நீர் எவ்வளவு விரைகிறதோ, அவ்வளவு விரைவாக அழுக்கும் ஆற்றை அடைகிறது.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்நாட்டில் மலநீர் செல்லும் குழாயும் மழைநீர் செல்லும் கால்வாயும் வெவ்வேறானவை. மலநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. கால்வாய் நீரோ பெரும்பாலும் நேரே ஆற்றிற் கலக்கிறது. ஒட்டுக்கடையின் எண்ணெயும், சந்தையின் மீன்கழிவும், பட்டறையின் கிரீசும் சாலையோரத்திற் படிந்து கிடக்கின்றன. மாலையில் இடியோடு பெய்யும் மழையின் முதற்பெருக்கு அவற்றையெல்லாம் ஒருங்கே வாரிச் செல்கிறது. மழை பெய்ததும் தெரு தூய்மையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. தெரு தூய்மை அடைந்த அளவிற்கு ஆறு மாசடைகிறது.

இத்தவற்றை உணர்த்தும் முயற்சிகளும் தோன்றாமலில்லை. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் வடிகால் பாசன இலாகா வெளியிட்ட நகர மழைநீர் மேலாண்மைக் கையேடு, பழைய நோக்கையே மாற்றியது. நீரை விரட்டாதே, பெய்த இடத்திலேயே தாமதப்படுத்து என்பது அதன் சாரம். குளங்களும், புல்வெளி வாய்க்கால்களும், குப்பை பிடிக்கும் பொறிகளும் அதனால் வழக்கிற்கு வந்தன. 2010-க்குப் பின் மேற்கொள்ளப்பட்ட ‘வாழ்வின் ஆறு’ என்னும் திட்டம் பழைய கூடலின் கரைகளை அழகுபடுத்தியது. கரை அழகுபெற்ற அளவிற்கு நீர் தெளிவு பெறவில்லை என்பதைப் பாலத்தின் மேல் நிற்போர் காண்பர்.

பொறிகள் மட்டும் இக்குறையைத் தீர்க்கமாட்டா. பொறி பெரும் குப்பையைத் தடுக்கும். கரைந்த எண்ணெயையும் சோப்பையும் தடுக்காது. அவற்றை ஊற்றுமிடத்திலேதான் தடுத்தல் வேண்டும். பிரிக்பீல்ட்ஸின் ஓரமாகச் செல்லும் ஆறு கீழே கிள்ளானைக் கடந்தே மலாக்கா நீரிணையை அடைகிறது. கால்வாயால் உயிர் பிழைத்த ஊர், இன்று மேலூர்களின் கால்வாய்கள் கொட்டுவதை ஏற்கும் ஊராயிற்று. வஞ்சி நகரின் அகழியைப் பாடம் சொல்லும் தமிழாசிரியர், பள்ளி வாயிலில் ஓடும் கால்வாயையும் மாணவருக்குக் காட்டி, ‘இந்நீர் எங்கே போகிறது?’ என்று வினவலாம். அவ்வினாவிற்கு விடை தேடும் பிள்ளை, கையிலுள்ளதைக் கால்வாயில் எறியுமுன் சற்றே தயங்கும்.