வீடில்லாதவரை அரசு பிடித்துவைக்கலாமா? மெர்சிங் இல்லமும் சட்டம் 183-ம்

ஜொகூர் பாரு லார்க்கின் பேருந்து நிலையத்தில் ஒருவர் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் கை நீட்டவில்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர் என்ன குற்றம் செய்தார்? ஒன்றும் இல்லை. ஆனாலும் சமூக நல இலாகா அதிகாரி அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால், மூன்று ஆண்டுகள் வரை ஓர் இல்லத்தில் அவர் தங்கியே ஆக வேண்டும்.

இதற்கு இடம் கொடுப்பது 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம், அதாவது சட்டம் 183.

யார் 'ஆதரவற்றவர்'?

சட்டம் இரண்டு வகை சொல்கிறது. பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லை தரும் விதத்தில் பிச்சை எடுப்பவர் முதல் வகை. சிக்கல் இரண்டாவதில்தான். பிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பொது இடத்தில் சும்மா இருப்பவர், பிழைக்க வழியோ தங்க இடமோ இருப்பதாகத் தெரியாதவர், அல்லது தன்னைப் பற்றித் திருப்தியான பதில் சொல்ல முடியாதவர்.

'திருப்தி' யாருக்கு? முதலில், எதிரே நிற்கும் அதிகாரிக்கு. வேலை போய், வாடகை கட்ட முடியாமல் வெளியே வந்து, வெட்கத்தில் வாய் திறக்காத ஆளும் இதில் அகப்பட்டுவிடுவார். அதிகாரி கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லைங்க, வரையறை அவ்வளவு அகலம்.

பிறகு என்ன நடக்கும்?

24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சமூக நல அதிகாரி விசாரித்து அறிக்கை தரும்வரை, அதிகபட்சம் ஒரு மாதம் தற்காலிகமாக இல்லத்தில் வைக்கலாம். அறிக்கையைப் பார்த்த பிறகுதான் அந்த மூன்றாண்டு உத்தரவு.

இந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் இல்லங்களில் ஒன்று ஜொகூரிலேயே இருக்கிறது: மெர்சிங்கில் உள்ள தேசா பினா டிரி. உணவு, படுக்கை, மருத்துவம், தொழில் பயிற்சி எல்லாம் உண்டு. அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்டினால் மட்டும் மூன்று மாதம் வரை சிறை. ஜொகூர் பாருவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தெரிந்த முகங்கள், கிடைத்துவந்த சில்லறை வேலை எல்லாமே இங்கே நின்றுவிடும்.

சரி, அப்போ தெருவிலேயே விட்டுவிடலாமா?

அதுவும் நியாயமில்லை. சர்க்கரை நோயோடு, காலில் புண்ணோடு ஐந்தடியில் கிடப்பவரைப் பார்த்து 'அது அவர் சுதந்திரம்' என்று நடந்து போவது கைகழுவும் வேலை. மனநோய் முற்றியவருக்குத் தன் நிலையே புரியாமல் இருக்கலாம்.

அதற்காக எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்ற முடியுமா? 2014இல் கோலாலம்பூரில் வேறு விதமாகச் சறுக்கினார்கள். நகர மையத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் இலவச உணவு வழங்கக் கூடாது என்றார் அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான். சோறு போடுவதே தப்பா என்று பொதுமக்கள் கொதித்ததும் அரசு இறங்கி வந்தது.

இந்தியாவில் விவாதம் நீதிமன்றம் வரை போனது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகள் தலைநகர் டில்லியில் செல்லாது என்று 2018 ஆகஸ்டில் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிப்படைத் தேவைகளைக் கொடுக்கத் தவறிய அரசு, அதற்காகக் கையேந்துபவரைத் தண்டிக்க முடியாது என்பதே வாதத்தின் சாரம். நம் சட்டம் 183 பிச்சையைக் குற்றம் என்று சொல்வதில்லை, 'நலன்' என்றே பேசுகிறது. ஆனால் உள்ளே இருப்பவருக்குப் பூட்டு பூட்டுதான்.

உதவி வேண்டுமா என்று கேட்டு, சம்மதித்தவரைத் தங்கவைக்கும் தற்காலிக இல்லங்களும் நாட்டில் உண்டு. அஞ்சோங் சிங்கா அப்படிப்பட்டது. முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான், மெர்சிங் கடைசியாக இருக்க வேண்டும்.

உங்கள் உறவினரைக் கூட்டிப்போய்விட்டால்?

அந்த முதல் ஒரு மாதத்தைத் தவறவிடாதீர்கள். கவனித்துக்கொள்ள முன்வரும் குடும்பத்தினர் அதை விசாரிக்கும் சமூக நல அதிகாரியிடம் அப்போதே சொல்ல வேண்டும். மூன்றாண்டு உத்தரவு வந்துவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. தகுந்த வேலை கிடைத்தாலோ, பராமரிக்க ஒருவர் முன்வந்தாலோ விடுவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது தாலியான் காசே 15999 எண்ணை அழையுங்கள்.