நிலமும் குலமும் புற்றுநோயும்

ஒரு மக்கட் கூட்டத்தாரிடையே ஒரு நோய் மிகுந்து காணப்படின், அஃது அவர்தங் குலத்தோடு பிறந்ததெனக் கொள்ளுதல் நெடுநாள் வழக்கு. அக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை ஆபிரிக்கப் புற்றுநோயொன்றின் வரலாறு தெளிவாக்குகின்றது.

அயர்லாந்திற் பிறந்த சத்திரவைத்தியர் டெனிஸ் பேர்க்கிற்று, உகண்டாவிலே கம்பாலா நகரின் முலாகோ வைத்தியசாலையிற் பணியாற்றியவர். 1957 ஆம் ஆண்டில், தாடைகள் வீங்கி முகம் உருக்குலைந்த சிறுவனொருவனை அவர் கண்ணுற்றார். பின்னர் அத்தகைய பிள்ளைகள் பலரைக் கண்டு, 1958 இல் அந்நோய் பற்றிக் கட்டுரை வரைந்தார். 1961 இல் துணைவர் இருவருடன் பழைய மோட்டார் வண்டியொன்றிற் புறப்பட்டுத் தென்னாபிரிக்கா வரை சென்று மீண்டார். பத்து வாரங்களில் ஏறத்தாழ 10,000 மைல் கடந்த அப்பயணத்தில், வழியிலிருந்த வைத்தியசாலைகள்தோறும் அவர் வினாவியது ஒன்றே: இந்நோய் இங்கு உண்டா?

விடைகளைத் தேசப்படத்திற் குறித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. மத்தியகோட்டை அடுத்த பகுதியில் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைநாட்டில் இந்நோய் அரிது. தெற்கே செல்லச் செல்ல அவ்வுயரவெல்லை தாழ்ந்தது. 60 பாகை பரனைற்றுக்குக் குறையாத வெப்பமும், ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத மழையும் உள்ள நிலங்களே இதன் உறைவிடம். அவை நுளம்பு பெருகும் நிலங்களுமாம். ருவாண்டா மலைநாட்டிலிருந்து உகண்டாவின் தாழ்நிலங்களிற் குடியேறியோருள், பிள்ளைப்பருவங் கடந்தோரும் இதற்கு ஆளாயினர். ஆபிரிக்கரின் வேறான நியூகினி மக்களிடையேயும், மலேரியா மிகுந்த தாழ்நிலங்களில் இந்நோய் காணப்பட்டது. ஆகவே, எல்லை வகுத்தது குலமன்று, நிலமே.

1964 இல் எப்ஸ்ரைன், அச்சொங், பார் ஆகிய மூவரும் இப்புற்றின் உயிரணுக்களில் ஒரு வைரசைக் கண்டனர். அவ்வைரசு உலக மாந்தருட் பெரும்பாலாரிடம் உள்ளது. எனினும், இடையறாத மலேரியாக் காய்ச்சலால் எதிர்ப்பாற்றல் நிலைகுலைந்த பிள்ளைகளிடத்தே அது புற்றுக்கு வழிகோலுகின்றது.

ஆயின், குலத்தை முற்றாகத் தள்ளுதலும் தகாது. இதே வைரசு தென்சீனத்துக் கன்ரோனியரிடையே மூக்குத்தொண்டைப் புற்றுடன் தொடர்புற்றுள்ளது. அவர்கள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலுங் குடியேறிய பின்னரும் அந்நோய் அவர்களைத் தொடர்ந்தது. அமெரிக்காவிற் பிறந்த வழித்தோன்றல்களிடம் குறைந்ததேயன்றி மறைந்திலது. பரம்பரை இயல்போடு, இளமை முதல் உண்ணும் உப்பிட்ட மீனும் அதற்குக் காரணமென அறிஞர் கண்டனர். குலமெனப்படுவதிற் குருதி மாத்திரமன்றி அடுக்களை வழக்கமும் அடங்கும் என்பது இதனாற் பெறப்படும்.

நோயைக் குலத்தின்மேல் ஏற்றி அமைவோர்க்கு அதனைத் தடுக்கும் வழி தோன்றாது. நிலத்தையும் வாழ்க்கை முறையையும் ஆராய்வோர்க்கோ, நுளம்பை ஒழித்தலும் உணவை மாற்றுதலும் கைகூடும் செயல்களாகத் தோன்றும். பேர்க்கிற்றின் தேசப்படம் மருத்துவ உலகுக்கு உணர்த்திய பாடம் இதுவேயாம்.