கொசுவின் உடலில் பன்னிரண்டு நாட்கள்

டெங்குக் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவரை ஒரு கொசு கடிக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் அதே கொசு உங்களைக் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு டெங்கு வருமா? "வரும்" என்றே நம்மில் பலர் விடை சொல்வோம். ஆனால் அநேகமாக வராது என்பதுதான் சரியான விடை. அதே கொசு பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து கடித்தால்தான் ஆபத்து.

ஏன் இந்தக் காத்திருப்பு? கொசு என்பது ஒருவர் இரத்தத்தை மற்றொருவர் உடலில் ஏற்றும் வெறும் ஊசி அன்று. அதுவும் ஓர் உயிர். அதன் உடலில் புகும் வைரஸ் பல தடைகளைத் தாண்ட வேண்டும். கொசுவின் தடுப்பாற்றலோடு போரிடவும் வேண்டும். இந்த உண்மையைக் கண்டறிய அறிவியலாருக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைக் காண்போம்.

ஹவானா மருத்துவரின் தோல்வி

கியூபா நாட்டின் தலைநகரான ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் இருந்தார். அந்நாளில் அமெரிக்கக் கண்டத்தின் துறைமுக நகரங்களை மஞ்சள் காய்ச்சல் சூறையாடி வந்தது. நோயாளியின் துணிமணியும் படுக்கையும்தான் நோயைப் பரப்புகின்றன என்று மருத்துவர்கள் நம்பினர். கொசுவே நோயைப் பரப்புகிறது என்று 1881 ஆகஸ்டில் ஹவானா அறிவியல் கழகத்தில் ஃபின்லே கட்டுரை படித்தார். இன்று ஏடிஸ் ஈஜிப்டி என்று நாம் அழைக்கும் கொசுவையே அவர் சரியாகச் சுட்டிக்காட்டினார்.

ஆனால் அவரால் அதை மெய்ப்பிக்க இயலவில்லை. நோயாளியைக் கடித்த கொசுக்களைச் சில நாட்களுக்குள்ளேயே நலமுள்ளவர்கள் மீது கடிக்கவிட்டார். ஐயத்துக்கு இடமின்றி நோய் தோன்றவில்லை. மருத்துவ உலகம் அவரை ஏளனம் செய்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் அந்த ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டார். அவருடைய கொள்கையில் பிழை இல்லை. நாள் கணக்கில்தான் பிழை இருந்தது.

மிசிசிப்பிக் கிராமங்களில் நாள் கணக்கு

அந்த நாள் கணக்கைக் கண்டவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற அமெரிக்க மருத்துவர். 1898இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஆர்வுட், டெய்லர் என்னும் சிற்றூர்ப் பகுதிகளில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. நகரத்தைப் போல் அங்கே வீடுகள் நெருங்கி இருக்கவில்லை. யார் வீட்டுக்கு யார், எந்த நாளில் வந்தார் என்று விசாரித்துத் துல்லியமாக எழுதிவைக்க முடிந்தது.

கார்ட்டர் எழுதிவைத்த கணக்கு ஒரு விந்தையைக் காட்டியது. ஒரு வீட்டில் முதல் ஆள் நோயில் விழுந்த தொடக்க நாட்களில் அங்கு வந்து போனவர்களுக்கு எதுவும் நேரவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுக்கு வந்தவர்களோ நோயுற்றனர். அதற்குள் முதல் நோயாளி குணமடைந்திருந்தாலும் இறந்திருந்தாலும் இதில் மாற்றம் இல்லை! அப்படியானால் நோய்நஞ்சு மனித உடலுக்கு வெளியே எங்கோ தங்கி, சில நாட்கள் முதிர்ந்து, பிறகே அடுத்தவரைத் தாக்குகிறது. இதனைக் கார்ட்டர் 'புற முதிர்வுக் காலம்' என்ற பொருள்படும் பெயரால் குறித்தார். எங்கே முதிர்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

1900இல் வால்ட்டர் ரீட் தலைமையில் அமெரிக்கப் படை மருத்துவக் குழு ஒன்று ஹவானா வந்தது. ஃபின்லே தம்மிடமிருந்த கொசு முட்டைகளை அவர்களுக்குத் தந்தார். குழுவைச் சேர்ந்த ஜெஸ்ஸி லசீர் கொசுக்களை வளர்த்துச் சோதித்தார். முதலில் அவருக்கும் தோல்விதான். ஃபின்லேயைப் போலவே அவரும் அவசரப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 27ஆம் நாள் குழுவின் மற்றோர் உறுப்பினரான ஜேம்ஸ் கேரல் தம் கையை நீட்டினார். அன்று அவரைக் கடித்த கொசு, கடுமையான நோயாளி ஒருவரைப் பன்னிரண்டு நாள் முன்பு கடித்திருந்தது. சில நாட்களில் கேரல் மஞ்சள் காய்ச்சலில் விழுந்து மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். லசீரும் நோயுற்றார், அவர் மீளவில்லை. செப்டம்பர் 25ஆம் நாள் தமது 34ஆம் வயதில் உயிர் நீத்தார்.

பின்னர் ரீட் நடத்திய சோதனைகள் ஐயத்தை அகற்றின. அந்த வெப்பநிலையில் கொசு நோய் பரப்பும் தகுதி பெற ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் தேவைப்பட்டன. கார்ட்டர் கண்ட முதிர்வுக் காலம் கொசுவின் உடலுக்குள்தான் கழிந்தது.

ஊசி துளைத்த குடல்

அந்த நாட்களில் கொசுவுக்குள் என்ன நடக்கிறது? கொசு குடித்த இரத்தம் அதன் நடுக்குடலில் போய்ச் சேர்கிறது. வைரஸ் முதலில் குடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து பெருக வேண்டும். பிறகு குடற்சுவரைக் கடந்து, உடற்குழியில் ஓடும் நீர்மத்தில் கலக்க வேண்டும். அதன்வழியே உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அங்கும் பெருகி, உமிழ்நீரில் இறங்க வேண்டும். கொசு நம்மைக் கடிக்கும்போது முதலில் செலுத்துவது உமிழ்நீரைத்தான் அன்றோ?

இந்த வழியில் குடல் எத்தகைய கோட்டைச் சுவர் என்பதை 1935இல் மெரில், டென் புரூக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் காட்டினர். குதிரைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் வைரஸ்களை அவர்கள் ஏடிஸ் கொசுவுக்கு ஊட்டினர். 'மேற்கு' வகை வைரஸ் கொசுவின் உடலில் எளிதில் பரவியது. 'கிழக்கு' வகை பரவவில்லை. பின்னர், அந்த வைரஸை உண்ட கொசுவின் குடலை நுண்ணிய ஊசியால் துளைத்துப் பார்த்தனர். இப்போது கிழக்கு வகையும் கொசுவின் உடலில் நிலைபெற்றது! தடையாக நின்றது குடற்சுவரே என்பது விளங்கிற்று.

எதிர்ப்பொருள் இல்லாத போர்

சுவரைத் தாண்டிய வைரஸையும் கொசு சும்மா விடுவதில்லை. நம் உடலில் நோய்க்கிருமி புகுந்தால் அதற்கென்று எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. பூச்சிகளுக்கு அந்த வசதி இல்லை. எனவே அவற்றின் ஆயுதம் வேறு.

1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்போர் ஒரு நுண்புழுவில் புதுமை ஒன்றைக் கண்டனர். இரட்டை இழை ஆர்.என்.ஏ. உயிரணுவுக்குள் புகுந்தால், அதே செய்தியைத் தாங்கிய ஆர்.என்.ஏ. அனைத்தும் அழிக்கப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்கு 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. டெங்கு போன்ற வைரஸ்கள் தம்மைப் படியெடுக்கும்போது இத்தகைய இரட்டை இழை உண்டாவது தவிர்க்க முடியாதது. கொசுவின் உயிரணு அதை உடனே கண்டுகொள்கிறது. 'டைசர்' என்னும் நொதி அதனை 21 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. 'ஆர்கோநாட்' என்னும் மற்றொரு புரதம் ஒரு துண்டை ஏந்திக்கொண்டு, அதற்கு ஒத்த வைரஸ் இழைகளைத் தேடித்தேடி வெட்டுகிறது. தேடப்படும் குற்றவாளியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காவலர் சுற்றி வருவதைப் போன்றது இது.

கார்ட்டரின் நாள் கணக்கோடு இதற்கு என்ன தொடர்பு? அமெரிக்காவின் கொலராடோவில் இயங்கும் ஓர் ஆய்வுக்குழு இதற்கு 2009இல் விடை தந்தது. ஏடிஸ் கொசுவில் டைசர் முதலிய பொருள்களின் உற்பத்தியைத் தற்காலிகமாக முடக்கி, அதற்கு டெங்கு வைரஸை ஊட்டினர். வைரஸ் மிகுதியாகப் பெருகியது. அதுமட்டுமன்று, கொசு நோய் பரப்பத் தேவையான நாட்களும் குறைந்துவிட்டன! புற முதிர்வுக் காலத்தை வெப்பநிலை மாற்றுகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. வெயில் கூடினால் அது குறையும். கொசுவின் தடுப்பாற்றலும் அந்நாட்களை நீட்டிப் பிடிக்கிறது என்பது இப்போது தெளிவாயிற்று.

கொசுவின் படைக்கலம் இது ஒன்று மட்டுமன்று. 'டோல்' என்ற சமிக்ஞை அமைப்பு பூச்சிகளைப் பூஞ்சையிலிருந்து காக்கிறது என்பது 1996இல் பழ ஈயில் கண்டறியப்பட்டது. அதே அமைப்பு ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸையும் அடக்குகிறது என 2008இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர்.

கொசுவைக் காக்கும் போர் நமக்கு வினை

இவ்வளவு ஆயுதங்கள் இருந்தும் கொசு ஏன் வைரஸை அடியோடு ஒழிப்பதில்லை? 2008இல் வெளியான ஒரு சோதனை இங்கே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சிந்த்பிஸ் என்ற வைரஸ் சாதாரணமாகக் கொசுவைக் கொல்வதில்லை. ஆனால் கொசுவின் ஆர்.என்.ஏ. தற்காப்பை முடக்கும் புரதம் ஒன்றை அந்த வைரஸே உண்டாக்குமாறு ஆய்வாளர் அதை மாற்றியமைத்தனர். அந்த வைரஸ் தொற்றிய கொசுக்கள் சில நாட்களில் மடிந்தன.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். தற்காப்பு அற்றுப்போனால் கொசு சாகிறது. தற்காப்பு முழு வெற்றி பெற்றால் வைரஸ் சாகிறது. இரண்டும் இல்லாமல் வைரஸ் ஓரளவு அடங்கி, கொசுவும் உயிரோடு இருக்கும் இடைநிலைதான் மனிதனுக்குத் தீங்கு. கொசு தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் போரே அதனை நெடுநாள் வாழ்ந்து நோய் பரப்பச் செய்கிறது.

பழ ஈ தந்த துணைப்படை

அப்படியானால் அந்தத் தராசைக் கொசுவின் பக்கம் இன்னும் சற்றுச் சாய்க்க முடியாதா? இதற்கு உதவியது ஒரு நுண்ணுயிர். 1924இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவின் உயிரணுக்களுள் ஒரு பாக்டீரியத்தைக் கண்டனர். பின்னர் அது வோல்பாக்கியா எனப் பெயர் பெற்றது. பல பூச்சி இனங்களில் இயற்கையாகவே இது வாழ்கிறது. ஏடிஸ் ஈஜிப்டியிலோ அது இயற்கையாகக் குடியேறவில்லை.

2008இல் இரு ஆய்வுக்குழுக்கள் பழ ஈயை வோல்பாக்கியா வைரஸ்களிடமிருந்து காக்கிறது என்று தனித்தனியே கண்டறிந்தன. பழ ஈயின் வோல்பாக்கியாவை ஆஸ்திரேலிய ஆய்வாளர் நுண்ணூசியால் ஏடிஸ் முட்டைகளில் செலுத்தினர். ஆயிரக்கணக்கான முட்டைகளில் முயன்ற பிறகே வெற்றி கிட்டியது. அந்தக் கொசுக்களில் டெங்கு வைரஸும் சிக்குன்குனியா வைரஸும் பெரிதும் ஒடுங்கிப்போவதை 2009இல் அறிவித்தனர். கொசுவின் தடுப்பாற்றலை இப்பாக்டீரியம் முன்கூட்டியே விழிக்கச் செய்வதும், வைரஸுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களுக்குப் போட்டியிடுவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

வோல்பாக்கியாவுக்கு இன்னொரு திறமையும் உண்டு. அதைத் தாங்கிய ஆண் கொசு, தாங்காத பெண்ணுடன் சேர்ந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை. தாங்கிய பெண்ணின் முட்டைகளோ வோல்பாக்கியாவுடனேயே பொரிக்கின்றன. இதனால் தலைமுறைக்குத் தலைமுறை அது தானே பரவுகிறது. 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரப் பகுதியில் இக்கொசுக்கள் வெளியே விடப்பட்டன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, 12 பகுதிகளில் இக்கொசுக்களை விட்டுப் பெரும் சோதனை நடந்தது. அப்பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததென 2021இல் முடிவு வெளியாயிற்று. நம் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் உள்ளூர் ஏடிஸ் கொசுவில் வோல்பாக்கியாவைக் குடியேற்றியதாக 2022இல் அறிவித்தது.

இந்த வரலாற்றிலிருந்து வீட்டுக்குப் பயன்படும் செய்தி ஒன்றும் உண்டு. வைரஸ் நிறைந்த இரத்தத்தைக் குடித்த கொசு, ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் நோய் பரப்ப முடியும். அதுவரை அது உங்கள் வீட்டு இருட்டு மூலையிலேயே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தால், பகலிலும் அவரைக் கொசு வலைக்குள் படுக்க வையுங்கள். அவர் குணமடைந்த பின்னும் இரண்டு வாரம் கொசு ஒழிப்பில் தளராதீர்கள். நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அந்த வீட்டில் ஆபத்து காத்திருக்கிறது என்பதைத்தானே மிசிசிப்பிக் கிராமங்களில் கார்ட்டர் எழுதிவைத்த கணக்கும் காட்டியது!