கருப்பு-சிவப்புக் கலங்களும் பண்டைச் சூளை முறையும்

தமிழகத்துப் பெருங்கற்கால ஈமக்குழிகளிலும் தொன்மை வாழிடங்களிலும் பெருவரவினவாய்க் கிடைப்பவை கருப்பு-சிவப்புக் கலங்கள். இவற்றின் உட்புறமும் வெளிப்புறத்து வாய்ப்பகுதியும் கருத்திருக்கும். வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவந்திருக்கும். இவ்விருநிறம் எய்தப்பெற்ற முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேட்கோச் சிறாரின் திகிரியைப் புறநானூற்று 32ஆம் பாட்டும், கலஞ்செய்வோனின் சூளைப் புகையை 228ஆம் பாட்டும் குறிக்கின்றன. எனினும், சூளையுள் கலங்களை அடுக்கிய முறையை அவை கூறவில்லை. அதனைக் கலங்களைக் கொண்டே உய்த்துணர்தல் வேண்டும்.

களிமண்ணிலுள்ள இரும்புக்கூறு காற்றோட்டமுள்ள தீயிற் சிவக்கும். காற்றுத் தடையுற்றுப் புகை சூழுமிடத்துக் கரி படிந்து மண் கருக்கும். இனி, இவ்விரு நிறங்களும் கூடும் எல்லையை நோக்குக. அது தூரிகையால் தீட்டிய கோடுபோல் நேரிதாக அமையாமல், ஏறியும் இறங்கியும் ஒன்றனுள் ஒன்று கரைந்து நிற்கின்றது. ஆதலின் கருமை பூசப்பட்ட வண்ணமன்று. தீயின் விளைவே என்பது பெறப்படும். உமி, வைக்கோல் போன்றவற்றுள் வாய் புதையுமாறு கலத்தைக் கவிழ்த்துச் சுட்டனர் என அறிஞர் பலர் கொள்வது இதுபற்றியே.

ஆயினும் ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. கலம் முழுவதையும் முதலிற் சிவக்கச் சுட்டு, பின்னர் வாய்ப்பகுதியை மட்டும் புகையூட்டினும் இந்நிறமே தோன்றும். எனவே நிறத்தைக் கொண்டு நாம் துணிந்து கூறத்தக்கது, சூட்டின் இறுதி நிலையில் உட்புறமும் வாயும் காற்றுப் பெறவில்லை என்பது ஒன்றே. ஒருமுறை சுட்டனரா, இருமுறை சுட்டனரா என்பதை நிறம் ஒன்றே தெளிவிக்காது. ஓட்டின் முறிவாய், மேற்பூச்சு, மெருகு, சூளை எச்சம் ஆகியனவும் ஒருங்கு நோக்கப்படுதல் வேண்டும்.

இவ்வரையறை வரலாற்றுக்கும் இன்றியமையாதது. இராசத்தானத்து ஆகாரில் செம்புக்காலத்திலேயே இத்தகைய இருநிறக் கலங்கள் வழங்கின. தென்னாட்டில் இவை இரும்புக்காலத்திற் பெருகின. நிற ஒற்றுமை ஒன்றே கொண்டு இவ்விரு மக்களையும் ஓரினத்தவர் எனல் பொருந்தாது. எகிப்து நாட்டிலும் அரச மரபுகள் தோன்றுமுன்னரே வாய் கருத்த செங்கலங்கள் வனையப்பட்டன. ஒரே தொழில்நுட்பம் வெவ்வேறிடங்களில் தனித்தனியே தோன்றுதலும் கூடும். நிறம் தீயின் செயலைக் காட்டும். குடியின் பெயரைக் காட்டாது. வடிவம், மண்ணின் இயல்பு, வனைந்த முறை ஆகிய மூன்றும் நிறத்தோடு ஒத்துவரும்போதே உறவு பற்றிய கருத்து வலுப்பெறும் என்க.