இசை விமர்சகர் றல்வ் கிளீசன்

இசை விமர்சகன் என்பான் சுருதியின் வழுவையும் தாளத்தின் பிசகையும் எடுத்துரைப்பவன் என்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். நுழைவுச்சீட்டின் விலையை விசாரிப்பதும் அவன் கடமையா? ஆம் என்று எண்ணியவர் அமெரிக்க விமர்சகர் றல்வ் கிளீசன்.

1917 இல் நியூயோர்க்கிற் பிறந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற அவர், 1939 இல் நண்பர்களோடு சேர்ந்து ஜாஸ் இசைக்கெனவே ஓர் ஏட்டைத் தொடங்கினார். கறுப்பின மக்களின் துயரிலும் உழைப்பிலும் விளைந்த அவ்விசையைக் ‘கண்ணியவான்கள்’ பலர் மதுச்சாலை இரைச்சலாகவே கணித்த காலம் அது. 1950 முதல் ‘சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள்’ நாளேட்டில் எழுதிய கிளீசன், சாஸ்திரிய இசைக்குரிய அதே மரியாதையை ஜாஸுக்கும் அளித்தார். 1958 இல் மொன்ரரே ஜாஸ் விழா உருவானதில் அவருக்குப் பங்குண்டு. கல்வித் தொலைக்காட்சியில் அவர் நடத்திய நிகழ்ச்சியிலே, 1963 இல் ஜோன் கொல்ரேனின் குழு வாசித்தது.

அதே ஆண்டில் பொப் டிலனை மேடையிற் கேட்டபோது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னர், பழுது தமது செவியில்தான் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். (நம் விமர்சகர்களில் எத்தனை பேர் இதற்குத் துணிவர்?) 1964 இல் பேர்க்கிலி மாணவர்களின் பேச்சுரிமைப் போராட்டத்தை ஆதரித்தார். 1967 இல், தமது ஐம்பதாவது வயதில், இருபத்தொரு வயது இளைஞரான ஜான் வெனருடன் சேர்ந்து ‘றோலிங் ஸ்ரோன்’ என்னும் றொக் இசை ஏட்டை நிறுவினார்.

அவரைச் சோதித்த ஆண்டு 1969. றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் அமெரிக்கச் சுற்றுலாவில் வசூலித்த கட்டணத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். அக்கண்டனமும் ஒரு காரணமாகவே இலவசக் கச்சேரி ஒன்றுக்கு அவர்கள் உடன்பட்டனர். டிசம்பர் 6 இல் அல்ரமொன்ரில் அது நடந்தது. மேடையைச் சூழ நின்றது ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். அக்கும்பலைச் சேர்ந்த ஒருவனின் கத்திக்கு மெரடித் ஹண்டர் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் பலியானான். இளைஞன் துப்பாக்கியை எடுத்தான், ஆகவே இது தற்காப்பு என்ற வாதம் 1971 இல் வென்றது, குத்தியவன் விடுதலையானான்.

இலவசம் என்பதனாலேயே பொறுப்பு அற்றுப்போகுமா? கிளீசன் அவ்வாறு சமாதானம் கொள்ளவில்லை. தாம் கேட்டது கிடைத்த இடத்திலேயே ஓர் உயிர் போயிற்று என்பதை அவர் அறியாதவரல்லர். இசைக்குழுவையும் ஏற்பாட்டாளரையும் பொறுப்பாளிகளாக்கி நாளேட்டில் எழுதினார். தமது சொந்த ஏடும் உண்மையை முற்றாக வெளியிட வேண்டுமென வற்புறுத்தினார். விளம்பரமும் நட்பும் இசைக்குழுக்களோடு பின்னிக் கிடக்கும் ஓர் ஏட்டிற்கு அது எளிய காரியமன்று.

பின்னாளில் அவர் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் உபதலைவரானார். விற்பவனின் ஆசனத்தில் விமர்சகன் அமர்வது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அதே காலத்தில், நிக்சன் ஆட்சியினர் இரகசியமாகத் தயாரித்த எதிரிகள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 1975 யூன் 3 ஆந் திகதி பேர்க்கிலியில் மாரடைப்பாற் காலமானபோது அவருக்கு வயது 58.