கடலுக்குள் போன குன்றுகள்
சிங்கப்பூரில் கடலைத் தூர்த்து நிலமாக்கிய கதை பலருக்கும் தெரியும். தூர்க்க மண் கொடுத்த குன்றுகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை.

1822இல் சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை வெறும் சதுப்பு நிலம். அங்கே வணிகக் குடியிருப்பு அமைக்க விரும்பிய பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ், அருகிலிருந்த சிறு குன்றை வெட்டிச் சதுப்பை நிரப்பச் செய்தார். சீனர், மலாயர், இந்தியர் எனச் சில நூறு கூலியாட்கள் மண்வெட்டியோடு உழைத்ததை அக்கால மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா தம் நூலில் எழுதியிருக்கிறார். குன்று நின்ற இடம் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். அதன் மண் படகுத்துறைக்கு அடியில் கிடக்கிறது.

இதைவிடப் பெரிய வேலை 1879இல் தெலுக் ஆயர் விரிகுடாவில் தொடங்கியது. மவுண்ட் வாலிச் குன்று வெட்டப்பட்டுக் கடலில் கொட்டப்பட்டது. ராபின்சன் சாலையும் சிசில் தெருவும் அந்த மண்ணின்மேல் எழுந்தவை. கடல்மேல் நின்ற பழைய தெலுக் ஆயர் சந்தையை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. புதிய சந்தை, தூர்த்த நிலத்திலேயே 1894இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியச் சூலியா முஸ்லிம்கள் 1820களின் இறுதியில் தெலுக் ஆயர் தெருவில் எழுப்பிய நாகூர் தர்கா, கரையேறியவர் நன்றி செலுத்தக் கடலைப் பார்த்தபடி நின்றது. இன்று அதன் எதிரே அடுக்குமாடி அலுவலகங்கள். அருகிலிருந்த மவுண்ட் பாமர் குன்றும் பின்னாளில் பெரும்பாலும் கரைந்தது. எஞ்சிய மேட்டில் இஸ்லாமிய ஞானி ஹபீப் நூஹின் அடக்கத்தலம் மட்டும் உயரமாக இருக்கிறது.

1966இல் கிழக்குக் கரையில் பெரிய அளவில் தூர்க்கும் பணி தொடங்கியபோது மண்வெட்டிக்கு வேலை இல்லை. பிடோக், சிக்லாப் பக்கத்து மேடுகளை இயந்திரங்கள் சுரண்டின. கன்வேயர் பெல்ட்டுகள் மண்ணைக் கடலோரத்துக்குக் கொண்டுபோயின. இருபதாண்டுகளில் சுமார் 1,525 ஹெக்டேர் நிலம் கிடைத்தது. சமன்செய்த மேடுகளில் வீடமைப்பு நகரங்கள் எழுந்தன. பிடோக்கில் மணல் எடுத்த பள்ளம் மட்டும் நீர்த்தேக்கமானது. மண் எடுத்த இடமும் பயனுக்கு வந்ததுதான் இந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம்.

வெட்டத்தக்க குன்றுகள் குறைந்ததும் அயல்நாட்டு மணல் வந்தது. மலேசியா 1997இலும் இந்தோனேசியா 2007இலும் மணல் ஏற்றுமதியைத் தடுத்தன. அதன்பின் சுரங்க ரயில் பணிகளில் தோண்டிய மண்ணும் தூர்க்கப் பயன்படலாயிற்று. தெக்கோங் தீவில் கரையணை கட்டி நீரை இறைத்து வெளியேற்றும் முறை கைக்கொள்ளப்பட்டது. இதற்கு மணல் குறைவாகவே போதும்.